52 நொடிகள் – 4: மதனப்பள்ளியில் ஒரு மாலை

கேளம்பாக்கம் கூட்ரோட்டில் கோவளம் சாலையைப் பிடித்து, உப்பளங்களையும் கழிமுகத்தையும் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் முட்டுக்காடு. அங்கே தக்ஷிணசித்ராவில் வீடுகளையே காட்சிப்பொருளாக வைத்திருக்கிறார்கள். எங்கோ ஒரு தெருவில் நின்றிருந்த வீட்டைப் பிரித்து, தூணும் உத்தரமும் கதவுமாகக் கொண்டுவந்து, கொத்தனாரையும் தச்சரையும் வைத்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து அந்தத் திண்ணைகளில் உட்காரும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். வீட்டைப் பிரித்து எடுத்து வந்துவிடலாம். பாட்டை எப்படி எடுத்து வருவது? 'ஜன கண மன'வுக்கு ஒரு கண்காட்சி வைப்பதென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் எதை வைப்பீர்கள்?

கொடி வைக்கலாம். பழைய இசைத்தட்டு வைக்கலாம். என்னைக் கேட்டால் நடுக்கூடத்தில் ஒரே ஒரு தாளை வைப்பேன். தாளில் இருப்பது ஆங்கிலம். தேதி 28 பிப்ரவரி 1919. அன்று வெள்ளிக்கிழமை. எழுதிய ஊர் மதனப்பள்ளி. கையெழுத்து, ரவீந்திரநாத் தாகூர்.

இந்த வாரம் அந்தத் தாளின் கதை.

*

போன வாரம் கல்கத்தா காங்கிரஸ் பந்தலில் நின்றோம். 1911 டிசம்பர் 27, மாநாட்டின் இரண்டாம் நாள். வங்காளியில் ஒரு புதுப்பாட்டு பாடப்பட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், டிசம்பர் 12 அன்று, டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் வங்கப் பிரிவினையை ரத்து செய்திருந்தார். அந்தச் சந்தோஷத்தில் மாநாட்டில் மன்னரைப் புகழ்ந்து ராம்புஜ் சௌத்ரியின் இந்திப் பாட்டு ஒன்றும் பாடப்பட்டது. ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இரண்டையும் போட்டுக் குழப்பி, தாகூர் பாடியதே மன்னருக்காகத்தான் என்று அச்சடித்துவிட்டன.

1912 ஜனவரியில் தத்துவபோதினி பத்திரிகையில் 'பாரத பாக்ய விதாதா' என்ற தலைப்பில் பாட்டு வெளியானது. பிரம்ம சமாஜத்துப் பக்திப் பாடல்களில் ஒன்றாக, ஐந்து பத்திகளுடன்.

அதற்குப் பிறகு? சமாஜத்துத் திருவிழாவில் பாடினார்கள். தாகூரைச் சுற்றியிருந்தவர்களுக்குத் தெரியும். அவ்வளவுதான். நாட்டின் நாக்கில் அப்போது இருந்தது 'வந்தே மாதரம்'. தடியடி வாங்கிக்கொண்டு ஜனங்கள் முழங்கிய கோஷம் அது. தமிழில் அதைப் பாரதி ஒரு முறைக்கு இரண்டு முறையாக மொழிபெயர்த்து வைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில் தாகூரின் பாட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளை.

அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து எழுப்பியவர்கள் ஐரிஷ்காரர்கள். அதுவும் ஓர் அரசியல் தகராறில் வேலையை இழந்து, அதனால் மதனப்பள்ளிக்கு வந்து சேர்ந்தவர்கள்.

*

ஜேம்ஸ் கசின்ஸ் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். கவிஞர். டப்ளினில் யேட்ஸ் முதலானவர்களோடு பழகியவர். மனைவி மார்கரெட் முறையாக இசை படித்துப் பட்டம் வாங்கியவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடி லண்டனிலும் அயர்லாந்திலும் சிறை சென்றவர். இருவரும் சைவ உணவுக்காரர்கள். இருவருக்கும் பிரம்மஞானத்தில் பிடிப்பு. பிரம்மஞான சபையின் தலைவர் அன்னி பெசன்ட் அழைத்தார். 1915இல் சென்னைக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள்.

ஜேம்ஸுக்குப் பெசன்ட் கொடுத்த வேலை, அவருடைய 'நியூ இந்தியா' பத்திரிகையில் இலக்கியப் பக்கம். ஒரு வருடம்கூட ஒழுங்காக ஓடவில்லை.

1916 ஏப்ரலில் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. ஐரிஷ் புரட்சிக்காரர்கள் தபால் அலுவலகத்தைப் பிடித்துக் குடியரசு அறிவித்தார்கள். பிரிட்டிஷ் ராணுவம் அடக்கியது. தலைவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டது. சென்னையில் உட்கார்ந்திருந்த ஜேம்ஸால் பேனாவை அடக்க முடியவில்லை. எழுச்சியைப் பாராட்டி எழுதினார். ஏற்கெனவே ஹோம் ரூல் பேச்சால் அரசாங்கத்தின் கண்ணில் முள்ளாக இருந்தது அந்தப் பத்திரிகை. பெசன்ட் அவரைப் பத்திரிகையிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று.

ஆனால் கைவிடவில்லை. மதனப்பள்ளியில் பிரம்மஞானக் கல்லூரி ஒன்று இருந்தது, அங்கே அனுப்பிவைத்தார். கொஞ்ச காலத்தில் ஜேம்ஸ் அதன் முதல்வரானார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டப்ளினில் துப்பாக்கி வெடிக்காமல் இருந்திருந்தால் கசின்ஸ் தம்பதி சென்னையிலேயே பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். மதனப்பள்ளிக் கல்லூரிக்கு வேறு யாராவது முதல்வராக இருந்திருப்பார். தாகூர் வந்திருப்பார், ஓய்வெடுத்திருப்பார், போயிருப்பார்.

*

மதனப்பள்ளி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. அன்று நம் மதராஸ் மாகாணத்தின் சித்தூர் ஜில்லா. 2,000 அடிக்கு மேல் உயரம். வெயிலிலும் காற்று தாங்கும். பக்கத்தில் ஹார்ஸ்லி மலை. ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் என்பதால் அடையாற்றுப் பிரம்மஞான சபைக்காரர்களுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே பரிச்சயம். கல்லூரி 1915இல் ஆரம்பித்தது.

1919இன் தொடக்கத்தில் தாகூர் தெற்கே ஒரு நீண்ட சுற்றுப்பயணம் வந்தார். அவர் தலைக்குள் அப்போது விசுவபாரதி. சாந்திநிகேதனத்தில் 1918 டிசம்பரில் அஸ்திவாரக் கல் போட்டிருந்தார். உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு கல்விக்கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். பெங்களூர், மைசூர், சேலம், திருச்சி, கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை. ரயிலில் ஏறுவது, இறங்குவது, மாலை வாங்குவது, பேசுவது, மறுபடி ரயில். அவருக்கு வயது 57. 1913இல் நோபல் பரிசு வாங்கியதிலிருந்து தாடிக்காரரைப் பார்க்கவே எல்லா ஊரிலும் கூட்டம்.

பெசன்ட் அம்மையாரோ அடையாற்றில் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டியாகத் தேசியப் பல்கலைக்கழகம் என்று ஒன்றை ஆரம்பித்து, தாகூரை அதன் வேந்தராகவும் ஆக்கியிருந்தார். ஆகவே மதனப்பள்ளிக்கு அவர் வந்தது விருந்தாளியாக மட்டும் அல்ல. ஒரு வகையில் வீட்டுக்காரராகவும்தான். களைப்புத் தீரச் சில நாள் தங்குவது என்று ஏற்பாடு.

மேடை இல்லை, மாலை இல்லை, பத்திரிகைக்காரர் இல்லை. கல்லூரிப் பிள்ளைகளும் வாத்தியார்களும் மட்டும்.

*

அந்தக் கல்லூரியில் ஒரு பழக்கம் இருந்தது. வாரத்தில் ஒரு மாலை, சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூடிப் பாடுவார்கள். கச்சேரி இல்லை, தெரிந்தவர் பாடுவார், மற்றவர் சேர்ந்துகொள்வார். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்குத் தாகூரும் வந்து உட்கார்ந்தார்.

பிறகு தானும் ஒரு பாட்டுப் பாடுவதாகச் சொன்னார்.

என்ன நடந்தது என்பதை ஜேம்ஸ் கசின்ஸே பின்னாளில், மனைவியோடு சேர்ந்து எழுதிய வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். அந்தப் புத்தகம் 1950இல் சென்னையில் அச்சானது. அதில் அவர் மறைக்காமல் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு: முதலில் கேட்டபோது அது பாட்டாகவே படவில்லையாம். பூகோளப் பாடம் மாதிரி இருந்ததாம். நாடுகளின் பெயர், மலைகளின் பெயர், ஆறுகளின் பெயர். அவ்வளவு பெரிய உருவத்திலிருந்து இத்தனை மெல்லிய குரலா என்று வேறு ஆச்சரியம்.

இரண்டாம் பத்தியில் மதங்களின் பட்டியல். இந்து, பௌத்தர், சீக்கியர், ஜைனர், பார்சி, முஸ்லிம், கிறிஸ்தவர். நாம் அந்தப் பத்தியைப் பாடுவதில்லை, அதனால் பலருக்கு அது தெரியாது.

பட்டியலில் அவர்களுக்குச் சுவை தட்டவில்லை. சுவை தட்டியது பல்லவி திரும்பி வந்த இடத்தில். ஜயகோஷம் வரும் இடம். முதல் தடவை வந்தபோது காதைத் தீட்டினார்கள். இரண்டாம் தடவை வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கேட்டு வாங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது.

எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். பெரும்பாலும் தெலுங்குப் பிள்ளைகள். வங்காளி ஒரு வார்த்தை தெரியாது. தெற்கு முழுவதையும் 'திராவிட' என்ற ஒரே சொல்லில் அடக்கிய பாட்டு. தங்கள் ஊர் அந்தச் சொல்லுக்குள் எங்கோ இருக்கிறது என்று புரிந்திருக்கலாம், புரியாமலும் இருந்திருக்கலாம். பொருள் கேட்டுவிட்டுப் பாடத் தொடங்கவில்லை. வாய்க்கு வந்தது, பாடினார்கள். கல்கத்தா பந்தலில் இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் அரசியல்வாதிகள். கேட்டுவிட்டுத் தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள். மதனப்பள்ளியில் கேட்டவை இளந்தொண்டைகள். பிடித்துக்கொண்டுவிட்டன.

*

அடுத்து நடந்தவை இரண்டு. இரண்டுமே காகிதத்தில் நடந்தவை.

ஒன்று, தாகூர் பாட்டின் பொருளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அதுதான் நான் நடுக்கூடத்தில் வைக்க விரும்பும் தாள். அதற்கு அவர் வைத்த ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'இந்தியாவின் காலைப் பாடல்'.

ஏன் காலை? ஐந்தாம் பத்தியைப் படித்தால் தெரியும். இரவு விடிகிறது, கிழக்கு மலையின் நெற்றியில் சூரியன் எழுகிறது, பறவைகள் பாடுகின்றன. தலைப்பில் இருக்கும் விடியல் அங்கேதான் இருக்கிறது. நாம் 52 நொடிகளில் முடிப்பது முதல் பத்தியோடு. காலைப் பாடலைத் தினம் காலையில் பாடும் நாம், அந்த விடியலை மட்டும் பாடுவதே இல்லை!

இரண்டு, மார்கரெட் பாட்டுக்கு மேற்கத்திய முறையில் ஸ்வரம் எழுதினார். தாகூர் பாடப் பாடக் கேட்டு, ஐந்து கோடுகளின் மேல் புள்ளிகளாக.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியே ஆக வேண்டும். தேசிய கீதத்துக்கு மெட்டுப் போட்டவர் மார்கரெட் கசின்ஸ் என்று பொதுஅறிவுப் புத்தகங்களில் பார்க்கிறேன். வாட்ஸப்பில் ஆகஸ்ட் மாதம்தோறும் வருகிறது. அது சரியில்லை. 1911இலேயே பாட்டு பாடப்பட்டது என்றால் மெட்டு இல்லாமலா பாடியிருப்பார்கள்? மெட்டு தாகூருடையது. மார்கரெட் செய்தது அதை எழுதிவைத்தது.

எழுதிவைத்தது சின்ன வேலை என்று நினைத்துவிட வேண்டாம். தாகூர் ஆயிரக்கணக்கில் பாட்டுக் கட்டியவர். தன் மெட்டைத் தானே மறந்துவிடுவார். அவருடைய அண்ணன் பேரன் தினேந்திரநாத் கூடவே இருந்து ஞாபகம் வைத்து ஸ்வரப்படுத்துவார். ஆனால் அந்த ஸ்வரம் வங்காளி முறை. வங்காளி தெரிந்தவருக்குத்தான் வாசிக்க வரும். மார்கரெட்டின் தாளை லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒரு வாத்தியக்காரர் எடுத்துப் பார்த்தால் வாசித்துவிட முடியும். வாசித்தார்களா, எப்போது, எதற்காக என்பது இன்னும் சில வாரம் கழித்து வரும். ஹாம்பர்க் நகரத்து ஹோட்டலும் ஐ.நா. சபையும் அந்தக் கதையில் உண்டு.

*

தாகூர் போய்விட்டார். பாட்டு தங்கிவிட்டது.

கல்லூரி அதைத் தன் பிரார்த்தனைப் பாட்டாக எடுத்துக்கொண்டது. தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் கல்லூரி நூலகத்தில் தொங்கியது. பாட்டு வெளியே முற்றத்தில் நின்றது. வருடாவருடம் புதுப் பிள்ளைகள் வந்து கற்றுக்கொண்டார்கள்; பழைய பிள்ளைகள் தங்கள் ஊருக்கு எடுத்துப்போனார்கள். எந்தக் கட்சியும் தீர்மானம் போடவில்லை. எந்த அரசாங்கமும் உத்தரவு போடவில்லை.

நாம் இன்று தேசிய கீதம் என்றதும் நினைப்பது எதை? எனக்கு ஞாபகம் வருவது ராஷ்டிரபதி பவனமோ செங்கோட்டையோ அல்ல. பள்ளிக்கூட மைதானம். கை இடைவெளி விட்டு வரிசை, வெயில், முன்னால் நிற்கிறவனின் பின்கழுத்து, யாராவது ஒருத்தி மயங்கி விழுவாள் என்ற எதிர்பார்ப்பு. கேளம்பாக்கத்தில் இப்போதும் காலை வேளைகளில் பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக நடந்தால் அது காதில் விழும். இங்கே பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கட்டடம் எழுப்ப ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் குடும்பங்கள் வந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகளில் சிலராவது இந்த வரிசைகளில் நிற்கிறார்கள். ஜேம்ஸ் கசின்ஸுக்குப் பூகோளப் பாடமாகத் தோன்றிய பட்டியலில் அவர்கள் ஊரும் வருகிறது, நம்முடையதும் வருகிறது. ஏறக்குறைய அடுத்தடுத்து.

அந்த வரிசையின் தொடக்கம் மதனப்பள்ளி என்பது என் கட்சி. கல்கத்தாவில் அது பிறந்தது. பழக்கமானது நம் மாகாணத்துப் பள்ளி முற்றத்தில்.

*

1919 பிப்ரவரி அமைதியான மாதம். அதற்குப் பிறகு வந்தவை அப்படி இல்லை.

மார்ச்சில் ரௌலட் சட்டம். காந்தி சென்னைக்கு வந்து ராஜாஜி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் நாடு தழுவிய ஹர்த்தால் யோசனை உதித்தது. ஏப்ரல் 13 ஜாலியன்வாலா பாக். மே மாதக் கடைசியில் தாகூர் தன் 'சர்' பட்டத்தைத் திருப்பி அனுப்பினார். மதனப்பள்ளியில் உட்கார்ந்து பாடியவர் அப்போது சர் ரவீந்திரநாத் என்பதை மறந்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் மன்னர் கொடுத்த பட்டம் அது. அதைத் தந்தவரும் அதே ஐந்தாம் ஜார்ஜ்தான். நம் கதையின் வம்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மார்கரெட் பிறகு இந்தியப் பெண்கள் இயக்கத்தின் பெரிய பெயர்களில் ஒருவரானார். அடையாற்றில் 1917லேயே இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்; 1927இல் அகில இந்திய மாதர் மாநாடு கூடக் காரணமாக இருந்தவர்; இந்தியாவின் முதல் பெண் மாஜிஸ்திரேட். அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக 1932இல் வேலூர் பெண்கள் சிறைக்கும் போனார். மூன்று நாட்டுச் சிறை பார்த்த இந்த அம்மாளைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் புத்தகம் யாராவது எழுத வேண்டும்.

பாட்டு அமைதியாக வளர்ந்தது. பதினெட்டு ஆண்டுகள்.

பிறகு 1937.

மாகாணங்களில் காங்கிரஸ் ஆட்சி. சென்னையில் ராஜாஜி. சட்டமன்றத்தில் 'வந்தே மாதரம்' பாடுவதற்கு முஸ்லிம் உறுப்பினர்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. அக்டோபர் கடைசியில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டி, அந்தப் பாட்டின் முதல் இரண்டு பத்திகள் மட்டும் போதும் என்று முடிவு செய்தது. இரு தரப்புக்கும் திருப்தி இல்லை. நாட்டுக்கு ஒரு பாட்டு வேண்டும், எந்தப் பாட்டு?

நவம்பர் 3. ஜேம்ஸ் கசின்ஸ் சென்னைப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏறக்குறைய இருபது வருடமாகப் பிள்ளைகள் பாடிவரும் தாகூரின் காலைப் பாடல்தான் உண்மையில் இந்தியாவின் தேசிய கீதம். அதை அதிகாரபூர்வமாக உறுதிசெய்ய வேண்டியதுதான் பாக்கி என்பது அதன் சாரம். மதனப்பள்ளி முற்றத்திலிருந்து பாட்டு தேசத்தின் வாசலுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

வாசலுக்கு வந்ததும் யாரோ பழைய கல்லை எடுத்து எறிந்தார்கள். 1911இல் கல்கத்தாப் பத்திரிகைகள் அச்சடித்த அந்தக் கதை: இது ஐந்தாம் ஜார்ஜுக்காக எழுதிய பாட்டு!

ஒரே வாரம். நவம்பர் 10 அன்று சாந்திநிகேதனத்தில் தாகூர் பேனாவை எடுத்தார். இதைப் பற்றிக் கேட்டிருந்த புலின் பிகாரி சென்னுக்கு ஒரு கடிதம். 1911இல் தன்னிடம் வந்து மன்னரை வாழ்த்தி ஒரு பாட்டுக் கேட்ட நண்பர் யார், கேட்டதும் தனக்கு என்ன தோன்றியது, பாட்டில் நாம் பாடாத பத்தியில் வரும் தேரோட்டி யார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

இந்த விளக்கத்தை அவர் 1911லேயே, பத்திரிகை வந்த மறுநாளே, நாலு வரியில் சொல்லியிருக்கலாம். பட்டத்தைத் திருப்பி அனுப்பிய 1919இல் சொல்லியிருந்தால் நாடே எழுந்து நின்று நம்பியிருக்கும். 26 ஆண்டுகள் தாகூர் ஏன் வாய் திறக்கவில்லை?

அடுத்த வாரம் அந்தக் கடிதத்தைப் பிரிப்போம்.